மறுமொழி: ‘டிஃபிகல்ட் ஏர்வே’ தமிழில்?

> ‘கடின மூச்சுவழி’ என்றே வைத்துக்கொள்ளலாமே. எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா. மயக்க மருந்து கொடுக்கும்போது முகமூடியால் காற்று ஏற்றவோ, மூச்சுக்குழலுக்குள் டியூப் போடவோ சிரமமாகும் நிலையைத்தான் ‘டிஃபிகல்ட் ஏர்வே’ என்கிறார்கள். ஆனால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும்போது, உள்நாக்கு தெரியாமல் ‘கடின அண்ணம்’ மட்டும் தெரிந்தால் டியூப் போடுவது சிரமமாகலாம் என்று எழுத வேண்டி வருமே! அங்கே கடினம் என்றால் எலும்பு, கெட்டி. அடுத்த வரியிலேயே ‘கடின மூச்சுவழி’ வந்தால் தொண்டையும் இறுகிவிட்டது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

அப்புறம், தாடை உள்வாங்கி, கழுத்து குட்டையாக இருப்பவர் வீட்டில் நன்றாகவே மூச்சு விடுகிறார். மயக்க மருந்து ஏறி, தசை தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்த பிறகுதான் சங்கடம், அதுவும் மருத்துவருக்கு. அதனால் வழிக்கு அடைமொழி போடாமல் ‘மூச்சுவழி இடர்’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி.

இதில் கிளைச்சொற்களும் எளிதாக அமையும். முகமூடி வைத்துக் காற்று ஏற்ற முடியாவிட்டால் முகமூடி இடர். குரல்வளைநோக்கியை விட்டும் குரல்நாண்கள் தெரியாவிட்டால் காட்சி இடர். தெரிந்தும் குழாய் இறங்காவிட்டால் குழாய் இடர். இவை சேர்ந்தே வரும் என்பதில்லை. அடர்ந்த தாடிக்காரருக்கு முகமூடி ஒட்டாமல் காற்று கசியும், குழாயோ சுலபமாகப் போய்விடும். பாக்கும் குட்காவும் மென்று கன்னம் இறுகி, வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காதவருக்கு நேர்மாறு. முகமூடியில் காற்று ஏறலாம், கருவி நுழையத்தான் இடமில்லை. அவரை விழிப்பில் வைத்தே, மூக்கையும் தொண்டையையும் மரத்துப்போகச் செய்து, வளையும் நாரிழை நோக்கியை மூக்கு வழியாக விட்டு, அதன்மேல் குழாயைச் செலுத்துவார்கள். ‘கடின மூச்சுவழி’ என்ற ஒற்றைச் சொல்லில் இந்த வேறுபாடெல்லாம் காணாமல் போகிறது.

> ‘இடர்’ என்றால் நோயாளி பயந்துவிடமாட்டாரா?

கொஞ்சம் பயப்பட்டால் நல்லதுதான் அம்மா. ஆபரேஷன் தியேட்டருக்குள் எப்படியும் ஆங்கிலத்தில்தான் பேசப் போகிறார்கள். தமிழ்ச்சொல் தேவைப்படும் இடம் வேறு. ஒருமுறை சிரமப்பட்டுக் குழாய் போட்டவருக்கு, என்ன சிரமம், எந்த வழி கைகொடுத்தது என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது நல்ல வழக்கம். அவர் அடுத்த அறுவைக்கு வேறு ஊருக்குப் போனாலும் அதைக் காட்டலாம். ‘சிரமம்’ என்று மட்டும் இருந்தால் சீட்டு அலமாரியிலேயே கிடக்கும்.

முகமூடி, குழாய் என்ற இரண்டு வழியும் கைவிட்டு, கழுத்தின் முன்பக்கச் சவ்வைக் கீறிக் குழாய் செருக வேண்டிய கட்டத்துக்கு ‘முழு இடர்’ எனலாமா? எனக்கே முழுத் திருப்தி இல்லை. இதைவிடக் கூர்மையான சொல் இருந்தால் சொல்லுங்கள்.

மல்லம்பட்டி என்பதை மட்டும் தமிழாக்க வேண்டாம். ஏதோ நம்மூர்ப் பட்டி என்று நினைத்துவிடப் போகிறார்கள். வாய்க்குள் தெரிவதை வைத்து இடரைக் கணிக்கும் முறையை 1985இல் வெளியிட்ட மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பட்டியின் தெலுங்கு இல்லப்பெயர் அது. ‘மல்லம்பட்டி நிலை 3’ என்று அப்படியே எழுதலாம்.