மேட்ச்லெஸ் ஜி3எல்லா, பிஎஸ்ஏ எம்20ஆ? ஆற்றங்கரைக்கு எது தாங்கும்?

வெண்ணாற்றங்கரை:
நீடாமங்கலம் பக்கம் ஒரு பழைய அரிசி ஆலையில் யுத்த காலத்துப் பட்டாள மோட்டார் சைக்கிள்கள் இரண்டு நிற்கின்றன. ஒன்று மேட்ச்லெஸ் ஜி3எல், மற்றது பிஎஸ்ஏ எம்20. ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்கிறார் ஆலைக்காரர், இரண்டுக்கும் ஒரே விலை. துடைத்து வைத்து அழகு பார்க்க எனக்கு ஆசையில்லை. கரைமேல் மூன்று கிலோமீட்டர் போனால்தான் எங்கள் வயல். ஐப்பசியில் அந்தப் பாதை எப்படிக் கிடக்கும் என்று நம்ம ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஸ்பேனர், கும்பகோணம்:
தம்பி, இரண்டையும் ஓட்டியிருக்கிறேன், இரண்டிலிருந்தும் விழுந்திருக்கிறேன்.

எம்20 சைடு வால்வு, அதாவது வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும், 496 சிசி. 13 குதிரைத்திறன் என்றால் இன்றைக்குப் பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் கிளட்சை விட்டதும் உழவு மாடு மாதிரி ஒரே சீராக இழுக்கும், சேற்றில் பின்சக்கரம் சட்டென்று வழுக்காது. கஷ்டம் அதன் எடையில்தான், 165 கிலோவுக்கு மேல். வயிறும் தாழ்வு. ஒரு ஐப்பசியில் அரசலாற்றுக் கரையில் மாட்டு வண்டித் தடத்துக்கு நடுமேட்டில் இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க்கேஸ் உட்கார்ந்துவிட்டது. நான் இறங்கி நின்று பார்க்கிறேன், ஸ்டாண்டு போடாமலே வண்டி நேராக நிற்கிறது! தாளடி நடவுக்குப் போனவர்கள் நாலு பேர் வந்து தூக்கிவிட்டார்கள்.

மேட்ச்லெஸ் 347 சிசி, வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஓவர்ஹெட் வால்வு, 16 குதிரைத்திறன், சுமார் 150 கிலோ. அந்தப் பதினைந்து கிலோ வித்தியாசம் ரோட்டில் தெரியாது, வண்டி சேற்றில் படுத்தால் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் முன் ஃபோர்க். 1941லேயே குழாய்க்குள் குழாய் இறங்கும், எண்ணெய் ஊற்றிய டெலஸ்கோப்பிக் ஃபோர்க் போட்டுவிட்டார்கள். எம்20இல் சட்டமும் ஸ்பிரிங்கும் வெளியே தெரியும் பழைய கர்டர் ஃபோர்க், பள்ளத்தில் இறங்கினால் ஹேண்டில்பாரைக் கையிலிருந்து பிடுங்கும். யுத்தம் முடிந்ததும் ஹியூ வைனி என்பவர் இதே கம்பெனியின் ஏஜேஎஸ் 350ஐ ஓட்டி 1947, 48, 49 என்று மூன்று வருஷமும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரையல்ஸ் என்ற கரடுமுரடுப் பாதைப் போட்டியை ஜெயித்தார். ஏஜேஎஸ்ஸும் மேட்ச்லெஸ்ஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

மேட்ச்லெஸ்ஸில் எரிச்சலூட்டுவது இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் பிரைமரி செயினின் தகர மூடி. எப்படி இறுக்கினாலும் கசியும். உன் இடத்தில் நான் இருந்தால் அதையும் பொறுத்துக்கொண்டு மேட்ச்லெஸ்ஸைத்தான் எடுப்பேன்.

மன்னை மாப்பிள்ளை:
எதற்கு அண்ணே இந்த வம்பு? இரண்டுக்கும் பின்னால் ஷாக் அப்சார்பரே கிடையாது, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் மட்டும்தான். பேசாமல் பழைய புல்லட் வாங்கட்டும்.

பழைய ஸ்பேனர், கும்பகோணம்:
மாப்பிள்ளை சொல்வதும் சரிதான், முதுகு வலிக்கும். புல்லட்டும் பிறந்தது சீமையில்தான், 1955க்கு அப்புறம்தான் திருவொற்றியூர். ஆனால் தம்பி கேட்டது ஆலையில் நிற்கும் இரண்டைப் பற்றி.

தம்பி, எதை எடுத்தாலும் எடுத்த எடுப்பில் உதைத்துவிடாதே. இந்த வண்டிகளில் இன்ஜின் ஆயிலுக்குத் தனி டேங்க்; வருஷக்கணக்கில் நின்றால் அந்த ஆயில் முழுக்கக் கீழே கிராங்க்கேஸுக்கு இறங்கியிருக்கும். வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்று. ஸ்டார்ட் ஆனதும் ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார். திரும்பி வரும் குழாயில் ஆயில் விட்டு விட்டுக் கொப்பளிக்க வேண்டும். வரவில்லையா, உடனே அணைத்துவிடு. பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவையும் சந்தேகப்படு. காலையில் ஒரே உதையில் எழும் வண்டி, சூடானபின் நின்றால் மறுபடி எழாது. மேக்னெட்டோவுக்குள் இருக்கும் கண்டன்சர் போயிருக்கும்.

வெண்ணாற்றங்கரை:
இன்று போய்ப் பார்த்தேன் ஐயா. மேட்ச்லெஸ் கிக்கர் இறங்குகிறது, அழுத்தமும் இருக்கிறது. ஃபோர்க் எண்ணெய் மட்டும் முழுக்கத் தரையில். அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஞாயிறு கழற்றலாம் என்றிருக்கிறேன், வீட்டில் ஒரு ஸ்பேனர் செட் இருக்கிறது.

பழைய ஸ்பேனர், கும்பகோணம்:
புல்லட்டுக்கா, டிவிஎஸ்ஸுக்கா வாங்கியது? மில்லிமீட்டர் ஸ்பேனரை அதில் வைக்காதே, நட்டு முனையெல்லாம் மழுங்கிவிடும். அதற்கு விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல அளவு வேண்டும், என்னிடம் இருக்கிறது. ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன்.