மறு: பிடிஎஃப் 'லிங்க்': ஒன்றுக்கு இரண்டு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

அனுப்பியவர்: புதுவைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பார்வையற்றோரும் படிக்கும்படி பிடிஎஃப் கோப்பைத் தயாரிப்பது எப்படி என்ற கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை வடிவமைப்புக்குப் போகிறது. 'லிங்க்'கில் மாட்டிக்கொண்டேன்.

ஆங்கிலத்தில் இரண்டு பொருளுக்கு ஒரே பெயர். பக்கத்தில் எழுத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு செவ்வகம் கிடக்கும். சொடுக்கினால் வேலை செய்வது அதுதான், லிங்க் அனோடேஷன். தனக்கு அடியில் என்ன எழுத்து இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆவணத்தின் கட்டமைப்பு மரத்தில், அதாவது தலைப்பு, பத்தி, லிங்க் என ஒவ்வொன்றுக்கும் டேக் என்ற அடையாளம் போட்டு அடுக்கிய மறைவான வரிசையில், இருக்கும் லிங்க் டேக் வேறு. அந்த டேகுக்குள் எழுத்தையும், செவ்வகத்தை அடையாளம் காட்டும் ஓபிஜேஆர் என்ற குறிப்பையும் சேர்த்து வைத்தால்தான் இந்த எழுத்துக்கு இந்தச் செவ்வகம் என்று, திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் திரைபடிப்பான் புரிந்துகொள்ளும். கையேட்டில் "ஒவ்வொரு லிங்கும் ஒரு லிங்குக்குள் இருக்க வேண்டும்" என்கிற தோரணையில் ஒரு வரி. எப்படி எழுத?

அனுப்பியவர்: கோவை ஆசிரியர்

ஹைப்பர்லிங்குக்கு மீயிணைப்பு இருக்கும்போது என்ன தேடல்? மாணவர்களுக்குப் பழகிய சொல். டேக் என்பதற்குக் குறிச்சொல்.

அனுப்பியவர்: மதுரைவாசி

ஐயா, வலைப்பதிவுக் காலத்திலேயே குறிச்சொல் வேறு வேலைக்குப் போய்விட்டது. கட்டுரைக்குக் கீழே 'அரசியல், சமையல்' என்று போடுவோமே, அது. இங்கே வெறும் 'குறி' போதும். அப்புறம் 'மீ' எதற்கு? மீ என்றால் மேல். மேல்தோலை மீந்தோல் என்கிறோம். உண்மையில் எழுத்தின் மேல் கிடக்கும் அந்தச் செவ்வகத்துக்குத்தான் மீ பொருந்தும், 'ஹைப்பர்' என்பதற்கு அல்ல.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்தான்

நாங்கள் தொடுப்பு என்றே பாவிக்கிறோம். சின்னச் சொல். தொடு, தொடுத்தல், பூத்தொடுத்தல், எல்லாம் ஒரே வேர்.

அனுப்பியவர்: மதுரைவாசி

அண்ணா, எங்கள் ஊரில் "அவருக்கு அங்கே ஒரு தொடுப்பு உண்டு" என்றால் வீட்டில் சண்டை வரும். அரசு அலுவலகங்களுக்குப் போகும் கையேடு இது.

அனுப்பியவர்: தஞ்சைத் தமிழாசிரியர்

எல்லோரும் வேலிக்கு வெளியே தேடுகிறீர்கள். "அ இ உ அம் மூன்றும் சுட்டு" என்று தொல்காப்பியர் நூன்மரபில் சொல்லிவிட்டார். சுட்டு என்பதே சொல். சுட்டி என்று நீட்டினால் மவுசோடும் குறும்புக்காரப் பிள்ளையோடும் குழம்பும், சுட்டு குழம்பாது. இரண்டு சொல் கேட்டீர்கள், இலக்கணம் இரண்டையும் தருகிறது. 'அவன்' என்பதில் அகரத்தை எடுத்தால் மிச்சம் பொருள் தராது, அது அகச்சுட்டு. 'அப்பையன்' என்பதில் எடுத்தாலும் பையன் நிற்பான், அது புறச்சுட்டு. எழுத்தோடு மரத்துக்குள் ஒன்றிவிட்ட டேக் அகச்சுட்டு. பக்கத்தின் மேல் தனியாகக் கிடக்கும் செவ்வகம் புறச்சுட்டு. எடுத்தாலும் எழுத்து அப்படியே நிற்கும். இதைவிடப் பொருத்தம் எங்கே கிடைக்கும்?

தவிர, இதே பக்கத்துக்குப் போவது இகரச்சுட்டு, வெளியே வலைக்குப் போவது அகரச்சுட்டு, அதே கோப்பின் வேறு பக்கத்துக்குப் போவது உகரச்சுட்டு என்றும் பிரிக்கலாம். உகரம் இடைப்பட்ட தூரம் அல்லவா.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்தான்

உகரம் எங்களிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது: உது, உவன், உங்கை. தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு விளங்கும்?

அனுப்பியவர்: கோவை ஆசிரியர்

அகச்சுட்டு என்றால் என் வகுப்பில் அத்தனை பேரும் 'கோப்புக்குள்ளேயே போகிற லிங்க்' என்றுதான் எழுதுவார்கள். நானே அப்படித்தான் முதலில் படித்தேன்.

அனுப்பியவர்: நெல்லையான்

நான் இந்தச் சொற்களைக் காதால் கேட்கிறவன். என்விடிஏ என்ற திரைபடிப்பானில் கே விசையை அழுத்தினால் அடுத்த லிங்குக்குத் தாவும். இன்செர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் எல்லாம் பட்டியலாக வரும். பட்டியலில் 'இங்கே', 'இங்கே', 'மேலும்' என்றிருந்தால் உங்கள் புறச்சுட்டு எனக்கு எதையும் சுட்டாது.

எல்லோரும் படிக்கும்படியான பிடிஎஃப்புக்கு 2012-இல் வந்த தரநிலையான பிடிஎஃப்/யூஏவின் முதல் பதிப்பு, செவ்வகத்தின் 'கன்டென்ட்ஸ்' என்ற இடத்தில் மாற்று விவரம் எழுதச் சொல்கிறது. பலர் அங்கே முகவரியைக் கொட்டிவிடுகிறார்கள். நான் ஸ்லாஷ் ஸ்லாஷ் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தமிழ்க் கோப்பில் இன்னொரு தொல்லை: எழுத்துரு ஒழுங்காகப் பொதியப்படாவிட்டால் 'கொடை'யின் கொம்பு தனியாகப் பிய்ந்து வரும். லிங்க்கின் பெயரே உளறலாகிவிடும்.

புதுவை அண்ணன் கேட்டதற்கு வருகிறேன். எந்தச் சொல்லையும் இந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: லிங்க் இரண்டு வரிக்கு உடைந்தால் செவ்வகம் இரண்டாகலாம், டேக் ஒன்றாகவே இருக்க வேண்டும். டேகும் இரண்டானால் ஒரே லிங்க்கை நான் இரண்டு லிங்க்காகக் கேட்பேன். "இணைப்புக் கட்டம் இரண்டு, இணைப்புக் குறி ஒன்று." எனக்கு இது ஒரே கேட்பில் புரிகிறது. மீயிணைப்பை என் குரல்பொறி 'மீ' என்று நிறுத்தி 'இணைப்பு' என்று தொடங்குகிறது.

அனுப்பியவர்: மதுரைவாசி

கட்டம் அட்டவணையிலும் இருக்கிறது, ஜாதகத்திலும் இருக்கிறது. ஆனாலும் தொடுப்புக்கு இது மேல்.

அனுப்பியவர்: தஞ்சைத் தமிழாசிரியர்

தம்பி, அனோடேஷன் எப்போதும் ஒற்றைச் செவ்வகம் அல்ல. குவாட்பாயின்ட்ஸ் என்ற மூலைப்புள்ளிகளை வைத்து ஒரே அனோடேஷனையே இரண்டு வரிக்குப் பரப்பலாம். அப்போது 'கட்டம் இரண்டு' என்பது பொய். உருவத்தை வைத்துப் பெயரிட்டால் இப்படித்தான். சுட்டு செயலை வைத்து வந்த பெயர்.

அனுப்பியவர்: புதுவைக்காரன்

ஐயா சொல்வது சரி, ஆனால் கையேடு குவாட்பாயின்ட்ஸ் பக்கமே போகவில்லை. ஐந்து பேரில் மூவர் இணைப்புக்குச் சாய்ந்ததாக எடுத்துக்கொள்கிறேன், ஒருவர் அலுத்துப்போய்ச் சாய்ந்தார் என்றாலும். அனுப்பிய வடிவம்: "ஒவ்வோர் இணைப்புக் கட்டமும் ஓர் இணைப்புக் குறிக்குள் இருக்க வேண்டும்." கன்டென்ட்ஸுக்கு 'மாற்று விவரம்'.

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்தான்

இலங்கைப் பதிப்பு வந்தால் தொடுப்பு என்று மாற்றுவோம். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அனுப்பியவர்: தஞ்சைத் தமிழாசிரியர்

சொல்லடைவில் 'சுட்டு, காண்க: இணைப்பு' என்று ஒரு வரியாவது போடுங்கள். அப்புறம், அந்த 'மாற்று விவரம்' பற்றித் தனி இழை தொடங்குகிறேன். விவரம் தமிழே அல்ல.