சிப்பிப்பாறைக் குட்டிக்குக் கறி மட்டும் போதுமா?

கேள்வி (திருமங்கலம்):
மூன்று மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி சோற்றைத் தொடுவதில்லை என்பதால், எலும்பு நீக்கிய கோழிக்கறியை மட்டுமே கொடுத்து வருகிறோம். இப்போது பின்னங்காலை நொண்டுகிறது, தூக்கினால் கத்துகிறது. உணவு காரணமாக இருக்குமா?

பதில் (மேலூர்):
இருக்கக்கூடும் ஐயா. தசைக்கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் மிகக் குறைவு என்பதால், இரத்தத்தில் கால்சியம் குறையாதபடி பாராதைராய்டு ஹார்மோன் அதை எலும்பிலிருந்தே எடுத்துக்கொடுக்கிறது. வளரும் எலும்பு மெலிந்து, சாதாரணத் துள்ளலிலேயே முறியலாம். உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ 1:1 முதல் 2:1 வரை இருக்க வேண்டும். எக்ஸ்ரே பார்க்கும்வரை குட்டியை ஓடவிடாதீர்கள், பாவம்.

பதில் (தல்லாகுளம்):
கால்சியம் டானிக்கை நீங்களாகவே ஊற்ற வேண்டாம். அது மிகுந்தாலும் எலும்பு வளர்ச்சி கெடக்கூடும். வெறும் பால்சோறும் தீர்வன்று. மருத்துவரைக் கேட்டு, குட்டிகளுக்கான முழுமையான சத்துணவுக்குப் படிப்படியாக மாற்றுங்கள்.