போக்சோ வாக்குமூலம்: மாவட்டத்துக்கு ஒரு பதிவு அறை கட்ட அரசு பணம் ஒதுக்க வேண்டுமா?

கயல்_சட்டம்:
பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தையின் வாக்குமூலத்தை 'இயன்றவரை' ஒலி-ஒளிப்பதிவாகவும் எடுக்கச் சொல்கிறது போக்சோ சட்டத்தின் பிரிவு 26(4). சட்டம் 2012இல் வந்தது. கருவி இல்லை, அறை இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த 'இயன்றவரை' அங்கேயே முடிந்துவிடுகிறது. 2019 முதல் விரைவு நீதிமன்றங்களுக்கு பெண்கள் பாதுகாப்புக்கான நிர்பயா நிதி போகிறதே, அதிலேயே மாவட்டத்துக்கு ஒரு அறை கட்டலாம். ஏழு வயதுக் குழந்தை "மேற்படி எதிரி என்னை" என்றா பேசும்? எழுத்து வாக்குமூலத்தில் இருப்பது எழுதி எடுக்கும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரின் நடை. கூண்டில் அந்த வரியைப் படித்துக் காட்டி "இப்படிச் சொன்னாயா?" என்று கேட்டால் குழந்தை விழிக்கத்தான் செய்யும்.

தென்பொருநை:
நோக்கம் சரி, செலவு தவறான இடத்தில். இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி பதிவையே முதல் விசாரணையாக, அதாவது அழைத்த தரப்பு வக்கீல் கேட்டுச் சாட்சி சொல்வதாக, நீதிமன்றம் ஏற்கலாம். இங்கே போலீசிடம் சொன்னது சாட்சியம் ஆகாது; முரண்பாடு காட்டத்தான் பயன்படும். நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் கொடுத்த வாக்குமூலம் முதல் விசாரணைக்கு ஈடாவதும் மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கு மட்டுமே. மற்ற குழந்தைகள் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் மறுபடி சொல்லியே ஆக வேண்டும். அப்படியிருக்க, பதிவில் குழந்தை தயங்கிய ஒவ்வொரு நொடியும் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கிடைத்த ஆயுதம். முதலில் சட்டத்தைத் திருத்துங்கள்.

இன்னொன்று. பிரிவு 24 குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ கேட்கச் சொல்கிறது. வால்பாறைக் குழந்தையை 40 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கோவைக்குக் கூட்டிவருவீர்களா?

கயல்_சட்டம்:
வால்பாறை விஷயத்தை ஏற்கிறேன். அப்படியானால் அறை வேண்டாம், எடுத்துச் செல்லும் கருவிகளுக்குப் பணம் கேட்போம். முரண்பாடு பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று கேட்டார்களா, "என்ன நடந்தது, சொல்லும்மா" என்று கேட்டார்களா என்பது பதிவில்தான் தெரியும். 'சொல்லிக் கொடுத்த சாட்சி' என்ற வாதத்தை எழுத்து வாக்குமூலத்தை வைத்து உடைக்க முடிவதில்லை.

ஒலிவாங்கி:
கருவி பற்றி மட்டும் சொல்கிறேன். கெட்டுப்போவது பெரும்பாலும் படம் அல்ல, ஒலி. குழந்தை முணுமுணுக்கும், மேலே மின்விசிறி, கீழே டைல்ஸ் தரை, எதிரொலி. கேமராவில் உள்ள மைக் போதாது. குழந்தைக்கு ஓரிரு அடிக்குள் ஒன்று, கேட்பவருக்கு ஒன்று என இரண்டு மைக். இருவரும் தெரியும்படி அகலக் கோணத்தில் ஒரு கேமரா. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் எழுதும் வசதி. தொடங்கும்முன் ஒரு நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேட்டுப் பார்க்க வேண்டும். 4 எம்பிபிஎஸ்ஸில் ஒரு மணி நேரம் சுமார் 1.8 ஜிபி, சேமிப்புச் செலவு அற்பம். தட்டச்சுதான் செலவு: ஒரு மணி நேரப் பேச்சுக்குக் குறைந்தது நான்கு மணி நேர வேலை. திட்ட மதிப்பீட்டில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

தென்பொருநை:
கார்டு கசிந்தால்? பி. கோபாலகிருஷ்ணன் எதிர் கேரள அரசு வழக்கில் (2019) மெமரி கார்டின் உள்ளடக்கமும் ஆவணம் என்றது உச்ச நீதிமன்றம். குற்றம்சாட்டப்பட்டவருக்கு அதில் உரிமை உண்டு.

கயல்_சட்டம்:
பாதி சொல்லி நிறுத்திவிட்டீர்கள். பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் கருதி நகல் தராமல், பார்க்க மட்டும் அனுமதிக்கலாம் என்றதும் அதே தீர்ப்புதான்.

தென்பொருநை:
சரி, பார்க்க மட்டும் என்றே இருக்கட்டும். ஆளுக்கு என்ன வழி? 2020 விதிகளின்படி மொழிபெயர்ப்பாளர், சிறப்பு ஆசிரியர், துணை நபர் எல்லோருக்கும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 105ஆம் பிரிவு நிதியிலிருந்தோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் உள்ள பணத்திலிருந்தோ ஊதியம் தர வேண்டும். சைகை மொழி தெரிந்தவருக்குக் கொடுக்காமல் கேமராவுக்குக் கொடுத்தால், காது கேளாத குழந்தையின் கைகள் மட்டும் தெளிவாகப் பதிவாகும். அதற்குப் பொருள் சொல்ல ஆள் இருக்காது.

ஒலிவாங்கி:
அப்படியானால் அரசாணையிலேயே எழுதச் சொல்லுங்கள்: கேட்கும் அதிகாரிக்குப் பயிற்சியும், தட்டச்சருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஊதியமும் ஒதுக்கிய பிறகே கருவிக்கு டெண்டர். புதிய சாட்சியச் சட்டமான சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63(4) மின்னணுப் பதிவுக்குக் கேட்கும் சான்றிதழையும் மறக்க வேண்டாம். கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பு எழுதி, பகுதி 'அ'வில் கருவிக்குப் பொறுப்பானவரும் பகுதி 'ஆ'வில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். அந்த நிபுணர் யார், அவருக்கு எந்தத் தலைப்பில் பணம் என்று இந்தத் திட்டத்தில் இன்னும் ஒரு வரி இல்லை.