மேடவாக்கம் களிமண்ணில் மேட்டுப்பாத்தி: உயரம், மண்கலவை, உப்புத் தண்ணீர் பற்றி ஆலோசனை தேவை

பின்கட்டுத்தோட்டம்:

அனைவருக்கும் வணக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி, மேடவாக்கத்தில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டின் பின்புறம் 20 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட வெற்றிடத்தில் காய்கறி பயிரிட விரும்புகிறோம். மண் முழுவதும் களி. சித்திரை வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, ஐப்பசி மழையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று இரண்டு மூன்று நாட்கள் கழித்தே வடிகிறது. சென்ற ஆண்டு தரையில் நட்ட கத்தரியும் மிளகாயும் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்தபோதே, மழைக்குப் பின் வேரழுகி மொத்தமாகச் சாய்ந்துவிட்டன.

அதனால் இம்முறை ஆடிப்பட்டத்திற்கு முன்பாகவே மேட்டுப்பாத்தி அமைத்துவிட எண்ணுகிறோம். எவ்வளவு உயரம் வைக்க வேண்டும், சுற்றுச்சுவருக்கு ஹாலோ பிளாக் போதுமா, உள்ளே எந்த மண்கலவையை நிரப்புவது என்பதில் தெளிவு இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) 1600 காட்டுகிறது. அந்தத் தண்ணீரை நம்பிக் காய்கறி வைக்கலாமா என்பதும் கவலையாக உள்ளது. தோட்டத்தைப் பெரும்பாலும் கவனிக்கப்போகிறவர் என் மாமியார். அவருக்கு மூட்டுவலி உண்டு, குனிந்து வேலை செய்ய முடியாது. இதையும் மனத்தில் வைத்து வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

களத்துமேடு:

வணக்கம் அம்மா. உங்கள் இடத்துக்கு மேட்டுப்பாத்தியே பொருத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் உயரத்தைத் தரையிலிருந்து கணக்கிடாதீர்கள். பெருமழையில் தண்ணீர் எந்த மட்டம் வரை நிற்கிறதோ அங்கிருந்து கணக்கிடுங்கள். கணுக்கால் அளவு என்றால் ஏறக்குறைய 4 அங்குலம். கத்தரி, மிளகாய், தக்காளி ஆகியவற்றின் உணவு தேடும் வேர்களில் பெரும்பகுதி மேல் ஓர் அடி மண்ணிலேயே இருக்கிறது. எனவே தேங்கும் நீருக்கு மேல் ஓர் அடி மண் காற்றோட்டத்துடன் இருந்தால் பயிர் தப்பித்துவிடும். ஆக 16 அங்குல உயரம் போதும், அதாவது 8 அங்குல உயரமுள்ள ஹாலோ பிளாக் இரண்டு வரிசை. 2015, 2023 டிசம்பர்களில் தென்சென்னை கண்டது போன்ற வெள்ளத்திற்கு எந்தப் பாத்தியும் ஈடுகொடுக்காது. அதற்காக மூன்றடி உயரம் எழுப்பிச் செலவை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கணக்கை இப்படிப் போடலாம். கல் 16 அங்குல நீளம், 4 அங்குலக் கனம். நீளவாட்டில் பக்கத்திற்கு 6 கல், அகலவாட்டில் அவற்றுக்கு இடையே பக்கத்திற்கு 3 கல். ஒரு வரிசைக்கு 18, இரண்டு வரிசைக்கு 36 கற்கள். உள்ளளவு 4 அடி அகலமும் 7 அடி 4 அங்குல நீளமும் வரும். இரண்டு பக்கமும் நடைபாதை இருந்தால் 4 அடி அகலப் பாத்தியின் நடுப்பகுதியை இரு புறமிருந்தும் எட்டிவிடலாம். ஒரு பக்கம் மட்டுமே நிற்க முடியும் என்றால் 2 அடிக்கு மேல் வைக்காதீர்கள். நடைபாதை 2 அடிக்குக் குறையக்கூடாது. வீட்டுச் சுவரிலிருந்தும் 2 அடி தள்ளியே பாத்தி அமைய வேண்டும், இல்லையேல் சுவரில் ஓதம் ஏறும்.

உங்கள் மாமியாருக்காக ஒரு யோசனை. பாத்தியின் ஒரு நீளப் பக்கத்தின் மேல் ஓர் அடி அகலக் கடப்பா கல்லைப் பதித்துவிட்டால் அதன்மேல் அமர்ந்தபடியே களை எடுக்கவும் காய் பறிக்கவும் முடியும். அந்தப் பக்கத்திற்கு மட்டும் 8 அங்குலக் கனமுள்ள கல்லை வாங்கி, சிமெண்ட் கலவை வைத்துக் கட்டுங்கள். வெறுமனே அடுக்கிய கல்லின்மீது அமர்வது ஆபத்து. அப்படிக் கட்டும்போது அடிவரிசையில் இரண்டடிக்கு ஓர் இடத்தில் இணைப்பைப் பூசாமல் விட்டால்தான் தண்ணீர் வெளியேறும்.

அடித்தளத்தில் பிளாஸ்டிக் விரிப்போ கான்கிரீட்டோ போட வேண்டாம். களிமண்ணைக் கடப்பாரையால் அரையடி ஆழம் கிளறி, மண் ஈரமாகப் பிசுபிசுக்காத நாளில் உடைத்துவிட்டு, அதன்மேல் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை விரித்துவிடுங்கள். சென்னைப் புறநகரில் இதைத் தவிர்க்கவே கூடாது என்பேன். பொலபொலப்பான மண்ணும் மண்புழுவும் இருக்கும் இடத்தைப் பெருச்சாளி ஒரே இரவில் கண்டுபிடித்துவிடும்.

மண்கலவைக்கு: செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, உங்கள் இடத்துக் களிமண்ணையே உலர்த்தி உடைத்தது அரைப் பங்கு. களிமண்ணை முற்றிலும் ஒதுக்கிவிடாதீர்கள். சத்தையும் ஈரத்தையும் பிடித்துவைப்பதில் அதற்கு நிகரில்லை. பைத் தொட்டிகளுக்குச் சொல்லப்படும் தென்னைநார்க் கழிவு மிகுந்த கலவை, எடை குறைவாக இருக்க வேண்டிய மாடிக்கு உரியது; தரையில் அமையும் பாத்திக்கு அது தேவையில்லை. கழுவாத நார்க்கழிவில் உப்பும் இருக்கும் என்பதால் உங்கள் தண்ணீரோடு சேர்ந்து தொல்லையே தரும்.

ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 39 கன அடி பிடிக்கும். மண் வியாபாரிகள் சொல்லும் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. ஆகவே இரண்டு பாத்திக்கு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல் போதும். ஒரு யூனிட்டாக வாங்கினால், மண் படிந்து இறங்கும்போது இட்டு நிரப்ப மீதி உதவும். தொழுவுரத்தை இறக்கும்போது குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, சாண வாடை அடித்தாலோ, வெள்ளை நிறத்தில் சுருண்ட தடித்த புழுக்கள் தென்பட்டாலோ வாங்காதீர்கள். மக்கிய உரம் டீத்தூள் போல உதிர வேண்டும், மழை நனைத்த மண்ணின் மணம் வர வேண்டும். அதில் 50 கிலோவுக்கு ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி கலந்து, ஈரச்சாக்கால் மூடி இரண்டு வாரம் நிழலில் வைத்துப் பின் பாத்தியில் இட்டால் வேரழுகல் பெருமளவு கட்டுப்படும். அத்துடன் ஒவ்வொரு பாத்திக்கும் அரை கிலோ வேப்பம்புண்ணாக்கு சேருங்கள்.

உப்பளக்காற்று:

களத்துமேடு ஐயா சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். நான் தூத்துக்குடிக்காரன், உப்புத் தண்ணீரிலேயே வீட்டுத்தோட்டம் நடத்துகிறவன் என்பதால் அதுபற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாசன நீருக்கான பொதுவான அளவுகோல்படி டிடிஎஸ் 450-க்குக் கீழே இருந்தால் எந்தக் கட்டுப்பாடும் தேவையில்லை. 450 முதல் 2000 வரை பயிரைத் தேர்ந்தெடுத்து, முறையறிந்து பாய்ச்ச வேண்டும். 2000-க்கு மேல் போனால் கடினம். நீங்கள் நடுப்பிரிவின் மேற்பகுதியில் இருக்கிறீர்கள். இந்தத் தண்ணீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் பீன்ஸ் பாதி விளைச்சலை இழந்துவிடும், வெங்காயத்திலும் ஐந்தில் இரண்டு பங்கு குறையும். தக்காளிக்கு இழப்பு பத்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. காராமணியும் பீட்ரூட்டும் இதைப் பொருட்படுத்துவதே இல்லை. எனவே முதல் ஆண்டில் பந்தயம் கட்ட வேண்டிய பயிர் காராமணி என்பது என் கருத்து. காயும் தரும், வேர்முடிச்சுகளால் மண்ணையும் வளப்படுத்தும்.

பாய்ச்சும் முறைதான் இதில் உயிர்நாடி. மாலைதோறும் மேல்மண் நனையும் அளவுக்குத் தெளித்துவிட்டு வருவது நம் வீடுகளில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நல்ல தண்ணீரில் அதனால் பெரிய கேடு இல்லை. உப்புத் தண்ணீரில் அது நஞ்சாகிறது. ஈரம் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேல் இரண்டங்குலத்தில் தங்கி, சில வாரங்களில் பாத்தியின் ஓரங்களிலும் கல்லின் முகத்திலும் வெள்ளைப் பொருக்காகப் படிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலை நுனியும் ஓரமும் கருகத் தொடங்குவது அதற்கு அடுத்த கட்டம். ஆகவே இரண்டு நாளைக்கு ஒருமுறையானாலும், அடிக்கல் இடைவெளிகளில் ஈரம் கசியும் வரை நிறைவாகப் பாய்ச்சுங்கள். வேருக்குக் கீழே உப்பு இறங்கிவிடும். தரைப்பாத்தியில், அதுவும் உங்கள் களிமண்ணில், இது நடக்காது. மழைக்காலத்தில் வேரைக் காக்கும் அதே வடிகால்தான் கோடையில் உப்பையும் வெளியேற்றுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை பாத்தியை முழுவதுமாகக் கழுவிக் கொடுத்துவிடும். தண்ணீரை இலைமேல் ஊற்றாமல் அடியில் ஊற்றுவதும், காய்ந்த இலை அல்லது வைக்கோலால் இரண்டங்குல மூடாக்கு இடுவதும் அவசியம்.

மண்ணையும் நீரையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்திற்குக் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். களிமண்ணில் சோடியம் மிகுந்திருப்பதாக முடிவு வந்தால் மட்டுமே ஜிப்சம் இட வேண்டும். வெறும் உப்புக்கு ஜிப்சம் மருந்தாகாது.

பின்கட்டுத்தோட்டம்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கடப்பா கல் யோசனையைப் படித்துக் காட்டியதும் மாமியார் இடத்தையே அளக்கத் தொடங்கிவிட்டார். இன்னும் மூன்று ஐயங்கள் உள்ளன. ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீர் தினமும் வீணாகிறது, அதைப் பாத்திக்கு விடலாமா? பழைய கூரையிலிருந்து கழற்றிய சிமெண்ட் அட்டைகள் சில கிடக்கின்றன, இரண்டாவது பாத்திக்குக் கல்லுக்குப் பதில் அவற்றை அறுத்துப் பக்கச் சுவராக நிறுத்தலாமா? மேற்கே அடுத்த வீடு இரண்டு மாடி. பிற்பகல் மூன்று மணிக்குமேல் வெயில் இல்லை. அப்படியானால் எதை எங்கே நடுவது?

செண்டுமல்லி:

சகோதரி, முதல் இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். ஆர்ஓ கழிவுநீரில், உள்ளே போன தண்ணீரில் இருந்த உப்பு செறிந்து வருகிறது; 1600 டிடிஎஸ் தண்ணீரைச் சுத்திகரித்தால் கழிவு 2000-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாறாக, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லை. கோடையில்தான் அது மிகுதியாகக் கிடைக்கும், உங்களுக்கும் அப்போதுதான் தேவை. ஒரு வாளியில் பிடித்து, நாற்றுகளுக்கும் கீரை விதைப்புக்கும் ஒதுக்குங்கள், ஏனெனில் பெரும்பாலான பயிர்கள் முளைத்து வரும் இளம்பருவத்தில்தான் உப்பை மிகவும் குறைவாகத் தாங்கும். பழைய சிமெண்ட் அட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இழைகள் இருக்கும். அறுக்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் அவற்றைத் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது.

மூன்று மணி வரை வெயில் கிடைப்பது குறையே அல்ல, சென்னைக் கோடையில் அது ஒரு கொடை. காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர வெயில் போதும். பாத்திகளை வடக்கு தெற்காக நீட்டி அமைத்து, கொடி ஏறும் பந்தலை வடக்கு முனையில் வையுங்கள். புரட்டாசி முதல் பங்குனி வரை சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பந்தல் நிழல் மற்ற செடிகள்மேல் விழாது. அடுத்த வீட்டுப் பக்கமுள்ள மேற்குப் பாத்தியில் கீரை, புதினா, கொத்தமல்லி வகைகளையும் கிழக்குப் பாத்தியில் காய்ச்செடிகளையும் பிரித்துக்கொள்ளலாம்.

ஆடியில் நடுவதற்குக் கத்தரி, மிளகாய் நாற்றுகளை இப்போதே வைகாசியிலேயே விட்டாக வேண்டும். கத்தரி நாற்றுக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள் பிடிக்கும். வெண்டையும் காராமணியும் நேரடி விதைப்பு. 4 அடி அகலத்தில் கத்தரி இரண்டு வரிசை, வரிசைக்கும் செடிக்கும் 2 அடி. வெண்டை என்றால் மூன்று வரிசை, செடிக்குச் செடி ஓர் அடி. நெருக்கி நட்டால் மழைக்காலத்தில் காற்றோட்டமின்றி இலைப்புள்ளியும் வெள்ளை ஈயும் பெருகும். வெண்டையில் மஞ்சள் நரம்பு நோய் வெள்ளை ஈயால் பரவுவதால், அதற்கு எதிர்ப்புத்திறனோடு உருவாக்கப்பட்ட அர்கா அனாமிகா போன்ற இரகத்தைத் தேடி வாங்குங்கள்.

கத்தரியில் மட்டும் தினமும் ஒரு பார்வை தேவை. செடி நன்றாக நிற்கும்போது ஓரிரு இளங்குருத்துகள் மட்டும் தலை கவிழ்ந்து வாடியிருந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாடிய இடத்திற்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளிப் பிளந்து பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் சிறு புழு இருக்கும். தண்டு, காய்த்துளைப்பான் அதுதான். காய்க்கத் தொடங்குமுன் அந்தக் குருத்துகளைக் கிள்ளி அப்புறப்படுத்திவிட்டால் காய்கள் பெரும்பாலும் பிழைக்கும். கிள்ளியதைச் செடியடியிலேயே போட்டுவிட்டால் புழு வெளியேறி மண்ணருகே கூண்டுப்புழுவாகி மீண்டும் வரும். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள்.

தை மாதம் பயிரை மாற்றும்போது, கத்தரி இருந்த பாத்தியில் தக்காளியோ மிளகாயோ வேண்டாம். மூன்றும் ஒரே குடும்பம், ஒன்றின் நோய் மற்றொன்றுக்கும் தொற்றும். பழைய கத்தரிச் செடியைப் பிடுங்கும்போது வேரைக் கவனியுங்கள். முண்டு முண்டாக வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தப் பாத்தியில் ஒரு பட்டம் முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்ப்பது நல்ல பலன் தரும்.

களத்துமேடு:

செண்டுமல்லி அம்மா சொன்ன நாற்றுக் கணக்கைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பாத்தியை நிரப்பியவுடன் நடாதீர்கள். புதுக் கல்லும் சிமெண்ட் கலவையும் சுண்ணாம்பை விடும், மண்ணும் இறங்கும். இரண்டு மூன்று முறை நிறையத் தண்ணீர் விட்டு, இரண்டு வாரம் ஆறவிடுங்கள். மண் 2 அங்குலம் வரை இறங்கும். அந்த இடத்தைத் தொழுவுரத்தால் நிரப்பிவிட்டு நாற்றை நடலாம். அதன்பின் ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் ஓர் அங்குலம் உரத்தை மேலே பரப்பினால் போதும், மண்ணை மறுபடி கொத்திப் புரட்ட வேண்டியதில்லை.