‘அருகாமை’ தவறா? அகராதி தீர்ப்புச் சொல்லலாமா?

ஒற்றெழுத்து:
‘பேருந்து நிலையத்துக்கு அருகாமையில் மனை விற்பனைக்கு’ என்று விளம்பரம் போடுகிறார்கள். கல்லாமை, செய்யாமை, உண்ணாமை எல்லாமே எதிர்மறைத் தொழிற்பெயர்கள். நடுவில் நிற்கும் ‘ஆ’தான் ‘இல்லை’ என்கிறது. அந்தக் கணக்கில் அருகு+ஆ+மை, அருகில் இல்லாமை! அருகில், பக்கத்தில், அண்மையில் என்று நல்ல சொற்கள் கிடக்க இது எதற்கு? அகராதி இதைப் பிழை என்றே குறிக்க வேண்டும்.

வேர்ச்சொல்:
சொல்லின் பகுதியிலேயே, அதாவது அடிச்சொல்லிலேயே இடறுகிறீர்கள். எதிர்மறை ‘ஆ’ வினையோடுதான் சேரும்; ‘அருகில்’ என்பதிலுள்ள அருகு பெயர்ச்சொல். வினையாகக் கொண்டால், ‘அருகிவரும் பறவைகள்’ என்கிறோமே, அந்தக் குறைதல் பொருள்தான் இன்று வழக்கில் உள்ளது. அப்போது அருகாமை என்பது குறையாமை ஆகிவிடும். தூரம் என்ற பொருளில் ‘அருகாமை’யை எழுதிய ஒரு வாக்கியம் காட்டுங்கள். அகராதிக்குச் சான்று வாக்கியம்தான் அடிப்படை.

ஒற்றெழுத்து:
வழக்கு மட்டும் போதுமென்றால் ‘சுவற்றில்’ என்பதையும் ஏற்பீர்களா? கயிறு–கயிற்றில், ஆறு–ஆற்றில் என ‘று’வில் முடிந்தால்தான் றகரம் இரட்டும். சுவர் ‘ர்’ஆல் முடிவதால் சுவரில். 300 என்பது முந்நூறு. ‘முன்னூறு’ என்றால் முந்தைய நூறு. ‘எப்பொருள் எச்சொலின் எவ்வாறு உயர்ந்தோர் செப்பினர் அப்படிச் செப்புதல் மரபே’ என்கிறது நன்னூல்.

வேர்ச்சொல்:
‘பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல’ என்பதும் அதே நன்னூல்தான். எழுத்துப்பிழை வேறு, பொருள்மாற்றம் வேறு. ‘முகைமொக்குள் உள்ளது நாற்றம்’ என்ற குறளில் (1274) நாற்றம் என்றால் மணம். இன்று ஒருவரிடம் ‘உங்கள் வீட்டு மல்லிகை நாறுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். முதற்பொருள்தான் சரி என்றால் எள்+நெய்யான எண்ணெயை வைத்துக்கொண்டு ‘தேங்காய் எண்ணெய்’ என்றே சொல்ல முடியாது.

மெய்ப்புநோக்கி:
சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி பழைய இலக்கியச் சொற்களையும் சேர்த்துத் தொகுத்தது. 1992இல் வந்த க்ரியாவின் அகராதி தற்காலத் தமிழுக்கானது. இரண்டிடமும் ஒரே தீர்ப்பை எதிர்பார்க்க முடியாது. பதிவு இப்படி இருந்தால் என்ன?

*அருகாமை (பெ.) பக்கம், அண்மை. ‘கோயிலுக்கு அருகாமையில் வீடு.’ [குறிப்பு: எதிர்மறை வடிவம் எனக் கருதிச் சிலர் தவிர்ப்பர், தேர்வில் ‘அருகில்’ என்று எழுதுவது பாதுகாப்பு.]*

போட்டித் தேர்வுகளில் பிழைதிருத்தம் ஒரு பகுதி. குறிப்பில்லாத பதிவை நம்பும் மாணவருக்குத்தான் மதிப்பெண் போகும்.

வேர்ச்சொல்:
‘சிலர் தவிர்ப்பர்’ என்பது நடந்ததைப் பதிவதுதான். ஏற்கிறேன். ‘பிழை’ என்ற முத்திரை மட்டும் வேண்டாம்.

ஒற்றெழுத்து:
அருகாமைக்கு இந்தக் குறிப்பு போதும். ஆனால் ‘சுவர்’ பதிவில் ‘சுவரை, சுவரில், சுவரின்’ என்று உருபேற்ற வடிவங்களை அச்சிட்டே ஆகவேண்டும். அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.