லோட் பேலன்சரில் எஸ்எஸ்எல் போட்டதும் தளம் ரீடைரக்ட் சுழற்சியில் மாட்டிக்கொள்கிறது

இரவுப்பறவை:
ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) எழுதிய ஒரு அப்ளிகேஷன், இரண்டு சர்வர்களில் ஓடுகிறது. முன்னால், வரும் கோரிக்கைகளை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சராக ஹெச்ஏபிராக்ஸி. எஸ்எஸ்எல் சான்றிதழை அதிலேயே போட்டு ஹெச்டிடிபிஎஸ்-க்கான 443 போர்ட்டைத் திறந்துவிட்டேன், அங்கிருந்து பின்னால் இருக்கும் சர்வர்களுக்கு வெறும் ஹெச்டிடிபிதான் போகிறது. ஜாங்கோவில் எஸ்எஸ்எல் ரீடைரக்டும் இயங்குகிறது. இப்போது எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ரீடைரக்ட் அதிகமாகிவிட்டது என்று பிரவுசர் கைவிரிக்கிறது. ஆனால் ஹெச்ஏபிராக்ஸியின் ஸ்டேட்ஸ் பக்கத்தில் இரண்டு சர்வரும் பச்சையாகவே இருக்கின்றன, அதுதான் எனக்குப் புரியவில்லை.

இன்னொன்று. என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) ஜாங்கோவுக்குப் போகாமல் நேராகக் கொடுக்கும் ஒரு படத்தைத் திறந்தால் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை, எங்கள் ஆண்ட்ராய்டு ஆப் மட்டும் சான்றிதழை ஏற்க மறுக்கிறது. பேசாமல் டிசிபி மோடுக்கு (ஹெச்ஏபிராக்ஸி எதையும் பிரித்துப் பார்க்காமல் அப்படியே பின்னால் அனுப்பும் முறை) மாற்றி, சான்றிதழைப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடலாமா?

கம்பிவடம்:
டிசிபி மோடுக்கு அவசரப்பட வேண்டாம். சுழற்சிக்குக் காரணம் எளிது: என்கிரிப்ஷன் லோட் பேலன்சரோடு முடிந்துவிடுகிறது, ஜாங்கோவுக்கு வந்து சேருவது ஹெச்டிடிபி. அது உடனே ஹெச்டிடிபிஎஸ்-க்குப் போ என்று திருப்பி அனுப்புகிறது, பிரவுசர் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது, திரும்பவும் அதே வழியாக வருகிறது, திரும்பவும் அதே பதில்.

ஹெச்ஏபிராக்ஸியின் 443 ஃப்ரண்ட்எண்டில் (வெளியிலிருந்து வருவதை வாங்கும் பகுதி) 'ஹெச்டிடிபி-ரிக்வெஸ்ட் செட்-ஹெடர்' வரி ஒன்றைப் போட்டு, வந்தவர் ஹெச்டிடிபியில் வந்தாரா ஹெச்டிடிபிஎஸ்-இல் வந்தாரா என்று சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்ற ஹெடரின் மதிப்பை ஹெச்டிடிபிஎஸ் என்று வையுங்கள். அப்புறம் ஜாங்கோ செட்டிங்ஸில் செக்யூர்_பிராக்ஸி_எஸ்எஸ்எல்_ஹெடர் என்பதில் அந்த ஹெடரைச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று விட்டுப்போனாலும் சுழற்சி நிற்காது.

பச்சைக்கும் காரணம் இருக்கிறது. ஹெச்ஏபிராக்ஸியின் ஹெச்டிடிபி ஹெல்த் செக் (சர்வர் ஒழுங்காக இருக்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்ப்பது), வேறு எதுவும் சொல்லாவிட்டால், 200 வரிசை, 300 வரிசை எது வந்தாலும் சர்வர் நலம் என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஜாங்கோ 301 (ரீடைரக்ட்) கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அதுவும் தேர்ச்சிதான்! ஹெல்த் செக்கிலும் ஹோஸ்ட் ஹெடரையும் ப்ரோட்டோ ஹெடரையும் அனுப்பி, 200 வந்தால்தான் சரி என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் பச்சையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மூன்றாம்கரை:
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம், அது வெறும் எழுத்து. அதனால் 'செட்-ஹெடர்' என்றே இருக்க வேண்டும், 'ஆட்-ஹெடர்' கூடாது. ஆட் போட்டால் வெளியிலிருந்து வந்ததும் கூடவே உள்ளே போகும். வெறும் ஹெச்டிடிபிக்கான 80 ஃப்ரண்ட்எண்டில் இந்த ஹெடரை அழித்துவிடுங்கள். பின்னால் இருக்கும் சர்வர்கள் லோட் பேலன்சரின் ஐபியைத் தவிர வேறு யாருக்கும் கதவைத் திறக்கக் கூடாது, ஃபயர்வாலில் அதை அடைத்துவிட்டு அப்புறம்தான் ஜாங்கோவை அந்த ஹெடரை நம்பச் சொல்ல வேண்டும். வந்தவரின் ஐபியும் அப்படித்தான்: அதைச் சுமந்து வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரில் கடைசியாக இருப்பது மட்டும்தான் உங்கள் ஹெச்ஏபிராக்ஸி எழுதியது.

ஆண்ட்ராய்டு விஷயம் பெரும்பாலும் இடைநிலைச் சான்றிதழ் (உங்கள் சான்றிதழை நம்பகமான ரூட் சான்றிதழோடு இணைப்பது) இல்லாத கோளாறு. டெஸ்க்டாப் பிரவுசர்கள் அதைத் தாமே தேடி எடுத்துக்கொள்ளும், அல்லது முன்பே வைத்திருக்கும். ஆப் அப்படிச் செய்யாது. சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு) தந்தது என்றால் செர்ட்.பெம் இல்லை, இடைநிலையும் சேர்ந்த ஃபுல்செயின்.பெம், அதன் கீழே பிரைவேட் கீ, இரண்டையும் ஒரே ஃபைலாக ஒட்டி ஹெச்ஏபிராக்ஸிக்குக் கொடுக்க வேண்டும். ஓபன்எஸ்எஸ்எல்-இன் எஸ்_கிளையன்ட் கட்டளையை 'சர்வர்நேம்' சேர்த்து ஓட்டிப் பாருங்கள், செயினில் ஒரே ஒரு சான்றிதழ் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

டிசிபி மோடில் ஹெச்ஏபிராக்ஸிக்கு குக்கியும் தெரியாது, முகவரியின் பாதையும் தெரியாது. வந்தவரின் ஐபி வேண்டுமானால் பிராக்ஸி புரோட்டோகால் (இணைப்பின் தொடக்கத்திலேயே அந்த ஐபியைச் சொல்லும் முறை) பேச வைக்க வேண்டும், சான்றிதழை ஒவ்வொரு சர்வரிலும் புதுப்பிக்க வேண்டும். லோட் பேலன்சர்கூட உள்ளே இருப்பதைப் படிக்கக் கூடாது என்ற கட்டாயம் இருந்தால் மட்டும் அந்த வழி.

கம்பிவடம்:
நடுவில் ஒரு வழி இருக்கிறதே, முன்னால் பிரித்துவிட்டு பின்னால் போகும்போது மறுபடி என்கிரிப்ட் செய்வது. நெட்வொர்க் உங்களுடையது மட்டும் இல்லை என்றால் இதைத்தான் செய்வேன். ஆனால் சர்வர் வரியில் 'வெரிஃபை நன்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். என்கிரிப்ஷன் நடக்கும், எதிரில் இருப்பது யார் என்று மட்டும் பார்க்காது. 'வெரிஃபை ரிக்வயர்டு' போட்டு, சிஏ (சான்றிதழ் வழங்கியவர்) ஃபைலையும், சான்றிதழில் எந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பதையும் கொடுங்கள். அப்படியே குறைந்தபட்ச டிஎல்எஸ் (எஸ்எஸ்எல்-இன் இன்றைய வடிவம்) 1.2 என்றும் வைத்துவிடுங்கள், 1.0-ஐயும் 1.1-ஐயும் 2021-இலேயே இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் ஒதுக்கிவிட்டது.

இரவுப்பறவை:
இரண்டும் சரியாகிவிட்டது, நன்றி! செயினில் ஒன்றுதான் இருந்தது. ஃபயர்வாலும் அடைத்தாயிற்று, மறு என்கிரிப்ஷனை அடுத்த வாரம் பார்க்கிறேன். சான்றிதழ் புதுப்பிக்கும்போது வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

மூன்றாம்கரை:
புது ஃபைல் வந்துவிட்டது என்று ஹெச்ஏபிராக்ஸிக்குத் தானாகத் தெரியாது, பழையதையே நினைவில் வைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். சான்றிதழைப் புதுப்பிக்கும் கருவியான செர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் (புதுப்பித்ததும் தானாக ஓடும் இடம்) இரண்டு ஃபைலையும் ஒட்டி ரீலோட் செய்யும் ஸ்கிரிப்டை வையுங்கள். ஹெச்டிடிபி வழிச் சரிபார்ப்பு என்றால் சான்றிதழ் தருபவர் வந்து பார்க்கும் ஆக்மி சேலஞ்ச் பாதையை மட்டும் செர்ட்பாட் இருக்கும் சர்வருக்கே அனுப்புங்கள், இரண்டு சர்வருக்கும் மாறி மாறிப் போக விட்டால் பாதி நேரம் மற்ற சர்வருக்குப் போய் 404 வாங்கும்.